பத்தியில் இல்லாத விடையைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியைக்கு

கடலூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 33. தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, தனியார் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். கேந்திரிய வித்யாலயா பள்ளியில் பணியில் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காக மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின், அதாவது சிடெட் தேர்வின் முதல் தாளை இரண்டு முறை எழுதியிருக்கிறார். இரண்டாம் முறை அவர் பெற்றது 150-க்கு 86. அவருக்கு வேண்டியது 90. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பகுதியில் 25 எடுத்தவர், முதல் மொழியாகத் தேர்ந்தெடுத்த தமிழில் 17 மட்டுமே எடுத்திருக்கிறார். விடைத்தாளின் படத்தையும் விடைக்குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பத்தியையும் கவிதையையும் படித்து விடையளிக்கும் 15 வினாக்களில் 9 தவறாகியிருப்பது தெரிந்ததாம்.

“தமிழ் என் தாய்மொழி. பத்தியில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நான் குறித்த விடைகள் எல்லாமே நியாயமானவை. அப்படியிருக்க, தவறு என்னுடையதா, விடைக்குறிப்பினுடையதா?” என்று கேட்கிறார். அடுத்த முறை விடைக்குறிப்பை எதிர்த்து முறையிடலாமா, ஆங்கிலத்தை முதல் மொழியாக்கித் தமிழை இரண்டாம் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாமா, பத்தி வினாக்களைக் கடைசியில் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறார். பயிற்சி மையத்தில், “வினாவில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதோ, அந்த வரியில்தான் விடை இருக்கும்” என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அது பாதி நேரம் உதவுகிறது, பாதி நேரம் ஏமாற்றுகிறது என்பது அவருடைய வருத்தம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நான்கு மதிப்பெண் குறைவால் ஓராண்டு உழைப்பு கைநழுவிப் போவது எவ்வளவு வேதனை தரும் என்பதை அறிவேன். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு உங்கள் கடிதம் புதியதாகத் தோன்றவில்லை. மொழியில் தேர்ச்சி உள்ளவர்களே பத்தி வினாக்களில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் இழந்த 9 மதிப்பெண்ணில் பாதியை மீட்டாலே 90-ஐத் தாண்டிவிடுவீர்கள். கணிதத்திலோ சூழ்நிலையியலிலோ அதே அளவு முன்னேறப் புதிதாகப் பாடம் படிக்க வேண்டும்; இங்கே புதிதாகப் படிக்க வேண்டியது ஏதுமில்லை, படிக்கும் முறையை மாற்றினால் போதும். ஆகவே பத்தி வினாக்களைக் கைவிடும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

ஒரே வினாத்தாள், எதிரெதிரான இரண்டு வேலைகள்

“நான் குறித்த விடைகள் எல்லாமே நியாயமானவை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முழுமையாக நம்புகிறேன். சிக்கல் தொடங்குவதே அந்த நியாயத்தில்தான். சிடெட் வினாத்தாளின் முதல் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியையும் கற்பித்தலையும் பற்றியவை. அங்கே நீங்கள் பயிற்சியில் கற்றதையும் வகுப்பறையில் உணர்ந்ததையும் கொண்டுவந்து விடை சொல்ல வேண்டும். குழந்தையை மையமாகக் கொண்ட விடை எதுவோ அதுவே பெரும்பாலும் சரியாக இருக்கும். அங்கே நீங்கள் 25 எடுத்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம் உங்களிடம் நன்றாகப் படிந்திருப்பதுதான். மொழிப் பகுதியின் பின்பாதியில் வரும் கற்பித்தல் வினாக்களுக்கும் அதே பழக்கம் துணை நிற்கும். இரண்டுக்கும் நடுவே வரும் பத்தி வினாக்களில் மட்டும் அந்தப் பழக்கத்தை முற்றாக ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அங்கே உங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை. பத்தியை எழுதியவர் என்ன சொல்கிறார் என்று மட்டுமே கேட்கிறார்கள்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு தருகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள வினாக்களை எடுத்தாளாமல், அதே தன்மையில் நானே எழுதிய வரிகள் இவை: “தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் எந்தப் பயனும் தருவதில்லை என்பது இன்று பலருடைய கருத்து. அளவோடு கொடுக்கப்படும் வீட்டுப்பாடம், பள்ளிக்கு வர இயலாத பெற்றோருக்குத் தம் குழந்தை என்ன கற்கிறது என்பதைக் காட்டும் ஒரே வழியாக இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.” வீட்டுப்பாடம் பற்றி, பத்தியை எழுதிய ஆசிரியரின் நிலை என்ன என்று வினா வருகிறது. “அது குழந்தைக்குச் சுமை” என்று ஒரு விடை இருக்கும். உங்கள் கை தானாக அதன்மேல் போகும். கற்பித்தல் பகுதியில் அது சரியான விடையாகக்கூட இருக்கலாம். இந்தப் பத்தியிலோ ‘சுமை’ என்ற பேச்சே இல்லை. எழுதியவர் அளவான வீட்டுப்பாடத்தை ஆதரிக்கிறார். அவர் சொல்வது தவறு என்று நீங்கள் கருதினாலும், அவர் அதைத்தான் சொல்கிறார் என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போக வேண்டும்.

தாய்மொழி என்பதும் இங்கே மறைமுகமான தடையாகிறது. ஆங்கிலப் பத்தியைப் படிக்கும்போது புரியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தால் ஒவ்வொரு சொல்லையும் கவனிக்கிறோம். தமிழில் கண் ஓடிக்கொண்டே இருக்கும். பொருள் தானாக வந்து சேரும். வந்து சேர்ந்த பொருளில் எவ்வளவு பத்தியிலிருந்து வந்தது, எவ்வளவு நம் மனத்திலிருந்து வந்தது என்பது நமக்கே தெரியாது. நீங்கள் எழுதியபடி புரியாத சொல் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வினா எழுப்பப்படுவது பெரும்பாலும் சொல்லின்மேல் அல்ல, அந்தச் சொல்லோடு ஒட்டிநிற்கும் உருபின்மேலும் இடைச்சொல்லின்மேலும்.

சாட்சி சொல்லும் வரி

நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எவ்வளவு அழகாக வாதிட்டாலும், சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. பத்தி வினாவுக்கும் அந்த விதியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடையைக் குறிக்கும் முன், “இதற்குச் சாட்சி எந்த வரி?” என்று கேட்டு, அந்த வரியில் விரலை வையுங்கள். விரல் வைக்க இடம் கிடைக்காவிட்டால், அந்த விடை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் உங்களுடையதல்ல.

உங்கள் மாவட்டத்து ஏரியைப் பற்றியே வேண்டுமென்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு முன்பே தெரிந்த செய்தி எந்த இடத்தில் குறுக்கே வருகிறது என்பதை நீங்களே கண்டுகொள்ள அது உதவும்.

“சோழர் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி இன்றும் கடலூர் மாவட்டத்து வயல்களுக்கு நீர் தருகிறது. சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து செல்கிறது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் நீரே இதன் முதன்மையான வரத்து. ஆண்டுதோறும் வண்டல் படிந்ததால் ஏரியின் கொள்ளளவு குறைந்துவிட்டது. தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடும் என்பர் சிலர். வண்டல் வந்து சேரும் வழிகளைக் கவனிக்காமல் தூர்வாருவது மட்டும் போதாது.”

முதல் வினா: பத்தியில் கூறப்படாதது எது? ஏரியின் காலம், நீர் வரும் வழி, ஏரியை வெட்டுவித்த அரசனின் பெயர், கொள்ளளவு குறைந்ததற்கான காரணம் ஆகிய நான்கும் விடைகளாகத் தரப்பட்டிருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி என்பது உங்களுக்குத் தெரியும். ‘சோழர் காலத்தில்’ என்று படித்த கணமே அவன் பெயர் மனத்தில் எழுந்திருக்கும். சற்று நேரத்தில் அதைப் பத்தியில் படித்ததாகவே தோன்றும். அரசன் பெயருக்கு விரல் வைக்க இடமில்லை. அதுவே விடை.

இரண்டாம் வினா: வடவாற்று நீர் பற்றிச் சரியான கூற்று எது? “ஏரிக்கு நீர் வரும் ஒரே வழி அது” என்று ஒரு விடை இருக்கும். ‘நீரே’ என்பதில் உள்ள ஏகாரம் அந்த விடையை நோக்கி இழுக்கும். அடுத்துள்ள ‘முதன்மையான’ என்ற சொல்லைப் பாருங்கள். முதன்மையானது ஒன்று என்றால், முதன்மையற்ற வேறு வரத்துகளும் இருக்கலாம். ஏகாரம் பிரித்துக் காட்டுவது முதன்மை எது என்பதைத்தான். வேறு வரத்தே இல்லை என்று அது சொல்லவில்லை.

மூன்றாம் வினா: ஆசிரியரின் கருத்து யாது? நான்கு விடைகள்: தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடும், தூர்வாருவது பயனற்றது, தூர்வாருவதோடு வண்டல் வரும் வழிகளையும் கவனிக்க வேண்டும், நீர்நிலைகளைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை. உங்கள் பயிற்சி மையத்தின் வழியைப் பின்பற்றினால் முதல் விடைதான் கிடைக்கும். அதன் சொற்கள் அப்படியே பத்தியில் இருக்கின்றன. ஆனால் அந்த வரி ‘என்பர் சிலர்’ என்று முடிகிறது. ஆசிரியர் பிறர் கருத்தை எடுத்துச் சொல்கிறார். அடுத்த வரியில் மறுக்கிறார். இரண்டு வரிகளுக்கும் இடையே ‘ஆனால்’ என்ற சொல் இல்லை என்பதையும் கவனியுங்கள். திருப்பம் வரும் இடத்தில் இணைப்புச்சொல் எப்போதும் இருக்கும் என்று எண்ணக் கூடாது. ‘என்பர்’, ‘கருதப்படுகிறது’, ‘சொல்லப்படுவதுண்டு’ போன்றவையே மறுப்பு வரப்போகிறது என்பதற்கு அறிகுறியாக இருப்பதுண்டு. இரண்டாம் விடை ‘மட்டும் போதாது’ என்பதைப் ‘பயனில்லை’ என்று மிகைப்படுத்துகிறது. நான்காவது விடை, நீங்கள் கடந்த தேர்வில் பலமுறை குறித்திருக்கக்கூடிய விடை. உண்மையானது, நல்லது, மாணவர்களுக்கு நாம் நாள்தோறும் சொல்வது. பத்தியில் அதற்குச் சாட்சி இல்லை.

அந்த நான்காவது விடையைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஆசிரியர்களுக்கான தேர்வில் அறக்கருத்தாக அமைந்த விடை மிக வலிமையான கவர்ச்சியாக நிற்கிறது. நம் பாடநூல்களில் கதை முடிந்ததும் நீதி வரும். நாமும் பாடத்தை அப்படித்தான் முடிக்கிறோம். அதனால் ‘மையக்கருத்து’ என்ற வினாவைப் பார்த்ததும் நீதியைத் தேடுகிறோம். மையக்கருத்து என்பது பத்தியின் எல்லா வரிகளும் எதைத் தாங்கி நிற்கின்றனவோ அது. ஒரு விடையை மையக்கருத்தாக எடுத்துக்கொண்டு, பத்தியின் ஒவ்வொரு வரியும் அதற்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வரிகள் தொடர்பின்றி வெளியே நின்றால் அந்த விடை குறுகியது. பத்தியில் பேசப்படாத எத்தனையோ செய்திகளுக்கும் அது பொருந்துமானால் அந்த விடை அகன்றது. இரண்டையும் விலக்குங்கள்.

உருபிலும் இடைச்சொல்லிலும் இருக்கும் குறிப்பு

ஆங்கிலத் தேர்வுகளுக்கான கையேடுகள் தனிச்சொற்களைக் கவனிக்கச் சொல்லும். தமிழில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் சொல்லின் இறுதியில் ஒட்டும் சிறு உறுப்புகள் செய்கின்றன. கண் எளிதில் தாண்டிவிடும் இடமும் அதுதான். மேலே உள்ள பத்தியில் ‘குடிநீரும்’ என்பதில் உள்ள உம்மையைப் பாருங்கள். பாசனத்தோடு குடிநீரும் என்று அது முன்வரியோடு சேர்க்கிறது. நீரின் பயன் என்ன என்று கேட்டால், ஒன்றை மட்டும் சொல்லும் விடைகள் இரண்டையும் அந்த உம்மை விலக்கிவிடுகிறது. ‘படிந்ததால்’ என்பது நடந்துமுடிந்த காரணம். ‘படிந்தால்’ என்பது இனி நடக்கக்கூடிய நிபந்தனை. ‘படிந்தாலும்’ என்பது தடையை மீறிய நிலை. வினாவில் இந்த மூன்றில் ஒன்றை மாற்றிவைத்து ஒரு விடையைத் தந்திருப்பார்கள். சொற்கள் எல்லாம் பத்தியில் உள்ளவையே என்பதால் சரியானதாகத் தோன்றும். உறவு மட்டும் மாறியிருக்கும்.

அளவைச் சுட்டும் சொற்களையும் இப்படியே எடைபோட வேண்டும். ‘சில’, ‘பல’, ‘பெரும்பாலும்’, ‘எல்லா’, ‘எதுவும்’, ‘மட்டும்’, ‘கூட’ ஆகியவற்றில் ஒன்று பத்தியிலும் வேறொன்று விடையிலும் இருந்தால், அந்த விடை ஐயத்துக்குரியது. ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வரும் விடை எல்லாமே தவறு என்று சிலர் சொல்லிக்கொடுப்பதுண்டு. அதை ஏற்காதீர்கள். பத்தியே ‘ஒருபோதும்’ என்று சொல்லியிருந்தால் அந்த விடைதான் சரி. எடை சமமா என்பதே கேள்வி.

சுட்டுச்சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும். ‘இது’, ‘இவை’, ‘அவ்வாறு’, ‘இந்நிலை’ என்று ஒரு வரி தொடங்கினால், அது முந்தைய வரியில் உள்ள எதைச் சுட்டுகிறது என்பதை அறியாமல் அந்த வரியைத் தாண்டாதீர்கள். நீண்ட வாக்கியங்களில் எழுவாய் தொடக்கத்திலும் பயனிலை இறுதியிலும் இருக்க, நடுவே எச்சங்கள் அடுக்கிவரும். யார் எதைச் செய்தார் என்ற வினா அந்த இடத்தில் பிறக்கும். இறுதி வினைமுற்றிலிருந்து பின்னோக்கி வந்தால் எழுவாய் விரைவில் அகப்படும்.

சொற்பொருள் கேட்கும் வினாவில் அகராதிப் பொருளை நம்பி விடையளிக்க வேண்டாம். ‘படி’ என்றால் அளவை, ஏணியின் படி, நகல், படிக்கச் சொல்லும் ஏவல் எனப் பல பொருள் உண்டு. நான்கும் விடைகளாக வரலாம். ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்தில் வைத்துப் படித்து, வாக்கியம் உடையாமல் நிற்கும் பொருளை எடுங்கள்.

‘பொருந்தாதது’, ‘கூறப்படாதது’, ‘தவறான கூற்று’ என்று முடியும் வினாக்களில் அந்தச் சொல்லின் கீழ் வினாத்தாளில் ஒரு கோடு இட்டுக்கொள்ளுங்கள். பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்கூட அவசரத்தில் பொருந்துவதைக் குறித்துவிட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். அது அறிவால் வரும் இழப்பு அல்ல என்பதால் வேதனை அதிகம்.

கவிதைப் பகுதி

முதல் மொழியில் இரண்டு பத்திகளில் ஒன்று உரைநடையாகவோ நாடகமாகவோ இருக்க, மற்றொன்று கவிதை. கவிதை வினாக்களை ஊகம் என்று கருதித்தான் நீங்கள் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கவிதையிலும் சாட்சி உண்டு; சற்று மறைந்து நிற்கும், அவ்வளவே. இந்த நான்கு வரிகளைப் பாருங்கள். இவையும் உங்களுக்காக எழுதியவையே:

மழைவரும் என்று சாளரம் திறந்தாள்;
மழைவர வில்லை, மகன்வந்து நின்றான்.
நனையா திருந்தும் நனைந்தன விழிகள்;
நாளை வந்தால் வரட்டும் மழை என்றாள்.

விழிகள் நனைந்தது ஏன் என்று வினா. துயரத்தால், மகிழ்ச்சியால், மழைச்சாரலால், மழை வராத ஏமாற்றத்தால் என நான்கு விடைகள். ‘மகிழ்ச்சி’ என்ற சொல் கவிதையில் எங்கும் இல்லை. ஆனாலும் இது ஊகமல்ல. ‘நனையாதிருந்தும்’ என்பது சாரலை விலக்குகிறது. ‘நாளை வந்தால் வரட்டும்’ என்பது, சற்று முன் சாளரத்தைத் திறந்து எதிர்பார்த்த மழை இப்போது அவளுக்கு அவசரமில்லை என்று காட்டி, ஏமாற்றத்தை விலக்குகிறது. அதே வரி துயரத்துக்கும் இடம் தரவில்லை. மிஞ்சுவது ஒன்றே. உய்த்துணர்தல் என்று பாடத்திட்டம் சொல்வது இதைத்தான்: சொல்லப்பட்ட வரிகளிலிருந்து ஓரடி மட்டும் முன்னே வைத்தல். இரண்டாவது அடி வைத்து, மகன் பல ஆண்டு அயல்நாட்டில் இருந்தான் என்றோ, தாயை மறந்திருந்தான் என்றோ போனால் அது நம் கதை. அப்படியொரு விடையும் அங்கே நமக்காகக் காத்திருக்கும்.

கவிதையில் முதலில் வினைமுற்றுகளைத் தேடுங்கள். ‘திறந்தாள்’, ‘நின்றான்’, ‘என்றாள்’ ஆகிய மூன்றிலிருந்தே யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அணியும் நயமும் அதற்குப் பிறகுதான்.

நேரத்தைப் பற்றி

150 வினாக்கள், 150 நிமிடம் என்பதால் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு மனத்தில் பதிந்துவிடுகிறது. பத்தியைப் படிக்கும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை என்ற பதற்றத்தால்தான் நீங்கள் மேலோட்டமாகப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கற்பித்தல் வினாக்களில் நீங்கள் விரைவானவர். அங்கே மிஞ்சும் நிமிடங்களைப் பத்திக்குக் கொடுங்கள். பத்தியை ஒருமுறை நிதானமாகப் படித்து, பிறகு விடைகளைப் பார்க்காமல் வினாவை மட்டும் படித்து, விடை என்னவாக இருக்கும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பின் நான்கு விடைகளையும் பாருங்கள். விடைகளை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. நான்கில் மூன்று பொய். அவற்றை மனத்தில் ஏற்றிக்கொண்டு படித்தால், பத்தியில் இல்லாதவையும் இருப்பதாகத் தோன்றும்.

சிடெட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே எந்த வட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். ஆனால் கண்ணை மூடிக் குறிப்பதும், சாட்சியில்லாத இரண்டை விலக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பதும் ஒன்றல்ல.

முறையீடும் மொழி மாற்றமும்

விடைக்குறிப்பை எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் குறிப்பிட்ட நாள்களுக்குள் இணையவழியே முறையிடலாம்; கடந்த தேர்வுகளில் ஒரு வினாவுக்கு 1,000 ரூபாய் கட்டணம் பெறப்பட்டது; முறையீடு ஏற்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லையேல் கிடைக்காது. பாட வல்லுநர்களின் முடிவே இறுதியானது. விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யும் வழக்கமும் இல்லை. முடிந்துபோன தேர்வுக்கு இனி ஏதும் செய்ய இயலாது. அடுத்த முறை முறையிடுவதானால், ‘என் விடையும் நியாயமானது’ என்பது போதாது. பத்தியின் எந்த வரி உங்கள் விடையைத் தாங்குகிறது, எந்த வரி குறிப்பில் உள்ள விடையை மறுக்கிறது என்று எழுதிக் காட்ட இயல வேண்டும். வினாத்தாள்களில் பிழை வருவதுண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாலும் அச்சாலும் பொருள் மாறிய வினா தென்பட்டால் தயங்காமல் முறையிடுங்கள். 9 தவறான விடைகளுக்கும் சேர்த்து 9,000 ரூபாய் கட்டிவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்க மட்டும் வேண்டாம். நீங்கள் கடிதத்தில் விளக்கியுள்ள இரண்டு வினாக்களில், ஒன்றில் உங்கள் விடை பிறர் கருத்தை ஆசிரியர் கருத்தாக எடுத்திருக்கிறது. மற்றொன்று பத்தியில் இல்லாத அறக்கருத்து. இரண்டுமே முறையீட்டில் நிற்காது.

மொழியை இடம் மாற்றும் எண்ணம் கவிதையிலிருந்து தப்புவதற்காக எழுந்தது என்பது புரிகிறது. இரண்டாம் மொழிப் பகுதியில் இரண்டு பத்திகளும் உரைநடையே என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் தமிழை அங்கே கொண்டுபோனால், ஆங்கிலம் முதல் மொழியாகி, கவிதை ஆங்கிலத்தில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் 15 எடுத்திருக்கும் உங்களுக்கு அது கூடுதல் இடர். இப்போதுள்ள அமைப்பே உங்களுக்குச் சாதகம். தமிழில் பழகிய இந்த முறையை ஆங்கிலப் பத்திக்கும் பயன்படுத்துங்கள். அங்கே உருபுகளின் இடத்தில் ஹவ்எவர், ஆல்தோ, அன்லெஸ், ஒன்லி போன்ற தனிச்சொற்கள் நிற்கும் என்பதே வேறுபாடு.

அடுத்த தேர்வு வரை

மாதிரிப் பத்திகளின் தொகுப்பை வாங்கி மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். படித்திராத பத்தி என்பதே விதி, மனப்பாடம் உதவாது. நாளிதழின் தலையங்கத்தையோ, மேல்வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் உரைநடையையோ நாளுக்கு ஒரு பத்தி எடுத்து, நீங்களே நான்கு விடைகளோடு இரண்டு வினாக்கள் எழுதிப் பாருங்கள். தவறான மூன்று விடைகளை நம்பும்படி எழுத முயன்றால்தான், வினா எடுப்பவர் எந்த உருபை மாற்றுகிறார், எந்த அளவுச்சொல்லை மிகைப்படுத்துகிறார், எந்த அறக்கருத்தை நடுவே வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியவரும். இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. வினா எடுப்பது ஆசிரியரான உங்களுக்குப் புதிய வேலையும் அல்ல.

பழைய வினாத்தாள்களைச் செய்யும்போது, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் சாட்சி வரியின் எண்ணை எழுதுங்கள். விடை தவறாகப் போனால், ஏன் என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: என் கருத்து, அறக்கருத்து, அளவு மாறியது, பிறர் கருத்து, எதிர்மறை வினா. சில வாரங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். உங்களுக்கு அது ‘என் கருத்து’ அல்லது ‘அறக்கருத்து’ என்று எதிர்பார்க்கிறேன். வேறாக இருந்து, சாட்சி வரியைச் சரியாகக் கண்டும் பொருள் பிடிபடாமல் விடை தவறினால், சிக்கல் வாசிப்புப் பழக்கத்தில் இருக்கிறது. அப்போது நீண்ட வாக்கியங்கள் கொண்ட கட்டுரைகளை வாய்விட்டுப் படிக்கத் தொடங்குங்கள். அந்தக் குறிப்பேட்டின் சில பக்கங்களை எனக்கு அனுப்பினால், எந்தக் காரணத்தின்மேல் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.